மணல் போன வழி

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, இந்தியாவின் கரையோர மாற்றங்களை மாநில வாரியாகக் கணக்கிட்டிருக்கிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு உரிய 41.66 கிலோமீட்டர் கரையில் 23.42 கிலோமீட்டர் அரிப்புக்கு உள்ளானது என்பது அந்தக் கணக்கு. நூற்றுக்கு 56.2 பங்கு. நாட்டின் கடலோர மாநிலங்களில் மேற்கு வங்கம் ஒன்றுதான் (60.5) இதைவிட மோசம். தமிழ்நாட்டுக்கு 42.7; நாட்டின் சராசரி 33.6. இந்த எண்கள் வெளியானபோது பேசப்பட்டதெல்லாம் எவ்வளவு மாறியது என்பதுதான். எப்படி மாறியது, எதனால் மாறியது என்ற கேள்விகளுக்கு அந்தச் சதவீதத்தில் பதில் இல்லை. ஒரு மணற்கரையைப் பொறுத்தவரை, மாற்றம் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறுபட்ட நிகழ்வுகள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் கலந்துகொண்டதால்தான், புதுச்சேரி நகரம் தன் கடற்கரையை இழந்த கதையில் குற்றம் கடலின் மேல் சுமத்தப்பட்டது. செய்ய வேண்டிய மருத்துவமும் மாறிப்போனது.

முதலாவது, ஊசலாட்டம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், அதிலும் புயல் நாட்களில், உயரமான அலைகள் கரை மணலை வாரிக் கொண்டுபோய்ச் சற்றுத் தொலைவில் நீருக்கடியில் திட்டாகச் சேர்க்கின்றன. கடல் அடங்கிய மாதங்களில் சிறிய, நீண்ட அலைகள் அதே மணலைத் திரும்பக் கொண்டுவந்து கரையில் பரப்புகின்றன. டிசம்பரில் குறுகிய கரை சித்திரையில் அகன்றுவிடும். ஒரு டிசம்பர் படத்தை மட்டும் பார்த்தவர் கரை அழிகிறது என்பார். சித்திரைப் படத்தை மட்டும் பார்த்தவர் வளர்கிறது என்பார். உண்மையில் இரண்டும் நடக்கவில்லை.

இரண்டாவது, ஓட்டம். இதுதான் கட்டுரையின் மையம் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். அலைகள் கரைக்கு நேர்குத்தாக வருவது அரிது. பெரும்பாலும் சாய்வாகவே வந்து மோதுகின்றன. சாய்ந்து ஏறும் நீர் மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. வடியும் நீரோ சரிவின் போக்கில் நேராகக் கீழே இறங்குகிறது. இப்படி ஒவ்வோர் அலைக்கும் ஒவ்வொரு மணல் துகளும் ரம்பப் பல் வடிவில் கரையோரமாக நகர்கிறது. அலை உடையும் பகுதியில் கரைக்கு இணையாக ஒரு நீரோட்டமும் எழுந்து, கலங்கிய மணலை ஏந்திச் செல்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் இந்தக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கியே வீசினாலும், தெற்கு இந்தியப் பெருங்கடலில் பிறந்த நெடிய அலைகள் தெற்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை மணல் வடக்கே போகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அலைகள் வடகிழக்கிலிருந்து வருவதால் தெற்கே திரும்புகிறது. சென்னைப் பக்கத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் பிரித்தறிவது இந்த இருபோக்கு இயக்கத்தைத்தான். வடக்கு நோக்கிய காலம் நீண்டது என்பதால் வரவு செலவு போக ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் சோழமண்டலக் கரையில் வடக்கே சென்றுகொண்டிருக்கிறது. அலையின் உயரம் இரு மடங்கானால் நகரும் மணல் இரு மடங்காக அல்ல, ஐந்து மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த ஓட்டத்தின் வலிமை புரியும். நிலையான நிலம்போல் தோன்றும் கடற்கரை உண்மையில் மிக மெதுவாக ஓடும் ஒரு மணல் ஆறு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மணல் ஓடுவதால் கரை தேய்வதில்லை. ஒரு குடும்பத்தின் வரவும் செலவும் சமமாக இருந்தால், மாதம் எவ்வளவு பணம் கைமாறினாலும் இருப்பு குறையாது அல்லவா? கரையும் அப்படியே. ஒரு துண்டுக் கரைக்குத் தெற்கிலிருந்து மூன்று லட்சம் கன மீட்டர் வந்து, வடக்கே மூன்று லட்சம் போனால், அது நூறாண்டுக்குப் பிறகும் அதே அகலத்தில் இருக்கும். அங்குள்ள மணல் துகள் ஒவ்வொன்றும் புதிதாக இருக்கும், கரை மட்டும் பழைய கரையாகவே இருக்கும். வரவை மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும்? அலைகள் வழக்கம்போல் மூன்று லட்சத்தை வடக்கே எடுத்துச் செல்லும். ஈடு செய்ய எதுவும் வராது. கடலின் குணத்தில் துளி மாற்றமும் இல்லாமலே கரை காணாமல் போகும். இந்தத் துண்டிப்பு மூன்றாவது வகை. ஊசலாட்டமும் ஓட்டமும் இயற்கையின் வேலை. துண்டிப்பு, புதுச்சேரியைப் பொறுத்தவரை, மனிதர் செய்தது.

இந்த நகரம் கடலோடு வைத்திருந்த உறவின் வரலாறு இதற்குச் சான்று தருகிறது. அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ள அரிக்கமேடு ரோமானியர் காலத்திலேயே வணிகத் துறை. அங்கே கலங்களுக்கு ஒதுங்கிடம் தந்தது ஆறு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நகரத்துக்கு முன்னால் திறந்த கடலே துறைமுகமாக இருந்தது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, சலங்கு என்னும் தையல் படகுகள் அலை உடையும் பகுதியைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் ஏற்றி இறக்கின. 1866-இல் கடலுக்குள் நீளும் ஒரு பாலம் கட்டப்பட்டது. 1952 புயலில் அது அழிந்தது. பிறகு இன்னோர் இடத்தில் புதிய பாலம் எழுந்து 1962-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. இந்தப் பாலங்கள் கடலுக்குள் எவ்வளவு தூரம் நீண்டாலும் அவை நின்றது தூண்களின் மேல். தூண்களுக்கு இடையே அலையும் மணலும் தடையில்லாமல் கடந்து சென்றன. அதாவது, இரண்டாயிரம் ஆண்டுகளாக இங்கே கடல் வணிகம் நடந்தும் மணல் ஆற்றின் குறுக்கே யாரும் அணை கட்டவில்லை.

1986-க்கும் 1989-க்கும் இடையில் அது கட்டப்பட்டது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதிய துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் பாறைகளால் எழுப்பப்பட்டன. வடக்கே வந்துகொண்டிருந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றது. வீராம்பட்டினத்தை ஒட்டிய தெற்குப் பக்கத்தில் கரை கடலை நோக்கி வளர்ந்தது. வடக்குப் பக்கத்தில் நகரத்தின் கடற்கரை சில ஆண்டுகளில் கரைந்து மறைந்தது. திட்டம் வகுத்தவர்களுக்கு இது தெரியாததல்ல. தெற்கில் சேரும் மணலைத் தூர்வாரி வடக்கே கொட்டும் ஏற்பாடும் திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. சுவர்கள் கட்டி முடிந்தன. மணலைக் கடத்தும் வேலை மட்டும் ஒழுங்காக நடக்கவில்லை. கட்டுமானம் ஒருமுறைச் செலவு. மணலைக் கடத்துவதோ ஆண்டுதோறும் வரும் செலவு. நம் நிர்வாகங்களில் முன்னதற்குத் திறப்பு விழா உண்டு, பின்னதற்குக் கிடையாது. இந்தக் கதையில் மிகவும் வருத்தம் தருவது இந்தப் பகுதிதான். அறிவியல் கையில் இருந்தது, தாளிலும் எழுதப்பட்டிருந்தது. கைவிடப்பட்டது பராமரிப்பு.

பிறகு வந்தது கல். கடற்கரைச் சாலையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. அவை சாலையைக் காத்தன, கடற்கரையைக் காக்கவில்லை. மணற்சரிவில் ஏறி ஏறி ஓய்ந்துபோக வேண்டிய அலை, கல்லில் மோதித் தன் வேகத்தோடு திரும்புகிறது. திரும்பும்போது கல்லின் அடியில் இருக்கும் மணலையும் பறித்துச் செல்கிறது. கல்வரிசை முடியும் இடத்தில் பசித்த அலைகள் அடுத்த ஊரின் கரையைப் பிடித்துக்கொள்கின்றன. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று அரிப்பு வடக்கே ஏறியது. கல்லும் பின்தொடர்ந்தது. மாநில எல்லையைத் தாண்டிக் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை வீடுகளும் தென்னைகளும் கடலில் விழுந்தன. அங்கே கடலுக்குள் குறுக்காக நீட்டிய கல் தடுப்புகள் வந்தன. ஒவ்வொரு தடுப்பும் தன் தெற்கே கொஞ்சம் மணலைப் பிடித்து வைத்து, தன் வடக்கே இருப்பவருக்கு அதே அளவு கடன் வைத்தது. ஒரு துறைமுகத்தின் வாயில் தொடங்கிய பற்றாக்குறை, ஊர் ஊராகக் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கிறது. இதில் மீனவர் இழப்பதை எளிதில் எண்ணிவிட முடியாது. படகை இழுத்து நிறுத்த, வலையை உலர்த்தித் தைக்க, கருவாடு காயவைக்க, கரைவலை இழுக்க என எல்லாத் தொழிலுக்கும் அவர்களுக்குத் தளம் அந்த மணல்தான். கல்லின் மேல் படகை ஏற்ற முடியாது.

இந்த வாதத்துக்குப் பல மறுப்புகள் உண்டு. முதலாவது இன்று எல்லோர் வாயிலும் இருப்பது: காலநிலை மாறுகிறது, கடல்மட்டம் உயர்கிறது, கரை அழிவதற்கு அதுவே காரணம். கடல்மட்ட உயர்வு மெய். 1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்கிறது. வருங்காலத்தில் இது இந்தக் கரைக்குப் பெருந்துன்பம் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உயரும் கடல் துறைமுகச் சுவரின் இருபுறமும் ஒரே அளவில்தான் உயரும். தெற்கே கரையை வளர்த்து வடக்கே அழிக்கும் வேலையைக் கடல்மட்டம் செய்ய முடியாது. சில நூறு மீட்டர் இடைவெளியில் எதிர் எதிரான இரண்டு விளைவுகள் தெரிகின்றன என்றால், காரணம் அந்த இடைவெளியில்தான் இருக்க வேண்டும். காலநிலையை முன்னிறுத்துவோர் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். இருந்தாலும், உள்ளூரில் தீர்க்கக்கூடிய ஒரு பிழையை உலகம் தழுவிய, யாரும் தனியாகப் பொறுப்பேற்க முடியாத ஒரு மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட்டால், அந்தப் பிழை திருத்தப்படாமலே நிற்கும். கடல்மட்டம் உயர்கிற காலத்தில் அகலமான மணற்கரை முன்னைவிட அதிகம் தேவை. துண்டிப்பை நீக்குவது அப்போது இன்னும் அவசரமாகிறது.

ஆறுகள் மணல் தருவதை நிறுத்திவிட்டன என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பெரும் உண்மை இருக்கிறது. கடலூர் அருகே கடலில் கலக்கும் தென்பெண்ணை, வடக்கு நோக்கிய இந்த மணல் ஓட்டத்துக்கு ஊட்டம் தந்த ஆறு. அதன் குறுக்கே 1950களின் இறுதியில் சாத்தனூர் அணை வந்தது. அணைகள் வெள்ளத்தையும் வண்டலையும் நிறுத்தின. மிச்சமிருந்த ஆற்று மணலை லாரிகள் ஏற்றிச் சென்றன. தலைமுறைகள் கடக்கும்போது ஒட்டுமொத்தக் கரையும் மெலியும் என்பதற்கு இது போதுமான காரணம். ஆயினும் சாத்தனூர் அணைக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் புதுச்சேரிக்குக் கடற்கரை இருந்தது. துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு அது சில ஆண்டுகளில் போனது. மேலும் ஆற்று மணல் முற்றிலும் நின்றிருந்தால் துறைமுகத்தின் தெற்கே மணல் குவிந்திருக்காது, முகத்துவாரமும் திரும்பத் திரும்பத் தூர்ந்திருக்காது. வரவு குறைந்திருக்கலாம். வந்த கொஞ்சமும் வாசலில் மறிக்கப்பட்டது என்பதுதான் நகரத்தின் இழப்புக்கு நேரடிக் காரணம்.

மூன்றாவது மறுப்பைப் புதுச்சேரிவாசிகள் உணர்ச்சியோடு சொல்வார்கள்: 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நகரத்தின் நடுப்பகுதியைக் காத்தது கடற்கரைச் சாலையோரக் கல்சுவர் அல்லவா? நகரத்தின் முகப்பில் சேதம் குறைவாக இருந்ததற்குச் சுவரும் கல்லும் உதவின என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். சுவரை இன்றே பெயர்த்தெடுக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்லவும் இல்லை. சுவர் தன் முதுகுக்குப் பின்னால் உள்ள நிலத்தைக் காக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சுவர் இல்லாத குப்பங்களில்தான் அன்று உயிர்கள் போயின. கரை முழுவதும் சுவர் எழுப்பிக் காக்கலாம் என்றால் மீன்பிடித் தொழிலுக்கே இடம் இராது. சுவருக்கு முன்னால் மணற்கரை இருந்தால் சுவரின் அடித்தளமும் நிற்கும், புயல் அலை அதை எட்டும் முன்பே பாதி வலுவை இழக்கும். எனவே சுவரை நம்புகிறவர்களுக்கும் மணல் தேவைப்படுகிறது.

பல நூற்றாண்டுகளாகக் கடல்கோள் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பூம்புகாரைக் கடல் கொண்டது என்று படித்திருக்கிறோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே இரவில் அழிந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனால் கரையோர வீடு இடிந்தால் கடல் கொண்டது என்று நா தானாகச் சொல்கிறது. புயல் ஓர் இரவில் செய்வதும், மறிக்கப்பட்ட மணல் பத்தாண்டில் செய்வதும் வேறு வேறு. பின்னதற்கு நம் கண் முன்னாலேயே பழைய முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர்கள் 1870களின் பிற்பகுதியில் எழத் தொடங்கின. தெற்கே மணல் குவிந்து குவிந்து, 1880களில் உலாச்சாலை அமைக்கும் அளவுக்கு மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் அதற்கப்பாலுள்ள குப்பங்களும் கரையை இழந்து கல்லுக்குப் பின்னால் ஒடுங்கின. மெரினாவின் அகலத்தைக் கொண்டாடும்போது, அது வடசென்னைக்கு வந்து சேராத மணல் என்பதை யாரும் நினைப்பதில்லை. புதுச்சேரியில் அடிக்கல் நாட்டியபோது இந்தப் பாடத்துக்கு நூறு வயது ஆகியிருந்தது.

இனி அண்மை முயற்சி. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகாலான ஆப்பு வடிவத் திட்டு ஒன்றை 2018-இல் அமைத்தது. அது வரும் அலைகளை முன்கூட்டியே உடைத்து வலுவிழக்கச் செய்கிறது. அதன் நிழலில் மணல் தங்குகிறது. கால் நூற்றாண்டாகக் கல்லை மட்டுமே பார்த்த தலைமுறை, காந்தி சிலைக்கு அருகே மீண்டும் மணலில் கால் வைத்தது. இந்திய அறிவியலாளர்களின் இந்த வேலையை மனதாரப் பாராட்ட வேண்டும். கல்லைக் கொட்டுவது தவிர வேறு வழியே இல்லை என்ற முடிவை அது உடைத்தது. ஆனாலும் திட்டு மணலைப் பிடித்து வைக்கும், உண்டாக்காது. நகரத்தின் முன் தங்கும் ஒவ்வொரு கன மீட்டரும், புதிதாக மணல் வந்து சேராதவரை, சோலைநகருக்கும் கோட்டக்குப்பத்துக்கும் போகாத கன மீட்டர்தான். வரவைத் திறக்காமல் இருப்பைக் காட்டி மகிழ்வது, சுற்றுலாப் பயணி நடக்கும் கரைக்காக மீனவர் வாழும் கரையை விட்டுக்கொடுப்பதாக முடியும்.

திறப்பதற்கான வழி ஒன்றும் மர்மமல்ல. துறைமுகத்தின் தெற்கே சேரும் மணலை ஆண்டுதோறும், அலைகள் கொண்டுசென்றிருக்கக்கூடிய அதே அளவில், வடக்கே சேர்ப்பதுதான் அது. இதற்கு முடிவே இல்லாத செலவாகும் என்பார்கள். முகத்துவாரம் தூர்ந்து படகுகள் தரைதட்டும்போதெல்லாம் தூர்வாருவதற்கு இப்போதும் செலவாகிறது. ஆண்டு முழுவதும் அலைகள் கூலியில்லாமல் செய்துவந்த வேலையை நாம் நிறுத்தினோம், இனி அதை நாம்தான் செய்ய வேண்டும். துறைமுகத்தின் உண்மையான விலையில் அதுவும் அடக்கம். விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணலை நகரக் கடற்கரைக்குச் சேர்ப்பது பல ஆண்டு வழக்கம். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரத்தில், முகத்துவாரத்தின் ஒரு பக்கத்து மணலைக் குழாய் வழியே மறுபக்கத்துக்கு அனுப்பும் நிலையான இறைப்பு நிலையம் 1986-இல் இயங்கத் தொடங்கியது. இங்கே துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கிய அதே ஆண்டு.

அதற்கு அருகிலேயே இருக்கும் ட்வீட் ஆற்று முகத்துவாரம் நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். அந்த ஆறு நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களின் எல்லையருகே கடலில் சேர்கிறது. 1960களின் முற்பகுதியில் நியூ சவுத் வேல்ஸ் தன் பக்கத்தில் முகத்துவாரச் சுவர்களை நீட்டியது. வடக்கே குயின்ஸ்லாந்தின் கிர்ரா, கூலங்காட்டா கடற்கரைகள் மணலின்றித் தேய்ந்தன. மணல் எல்லை தாண்டி ஓடும் பொருள் என்பதால் ஒரு மாநிலம் மட்டும் தீர்வு காண முடியவில்லை. இரண்டு அரசுகளும் பேசி, நியூ சவுத் வேல்ஸ் 1995-இலும் குயின்ஸ்லாந்து 1998-இலும் இதற்கெனவே தனிச் சட்டம் இயற்றின. 2001 முதல் மணல் குழாய் வழியே ஆற்றின் அடியில் கடந்து வடக்கே போகிறது. புதுச்சேரிக்கு வரும் மணல் கடலூரிலிருந்து வருகிறது, விழுப்புரம் மாவட்டத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து, சில கிலோமீட்டர் புதுச்சேரியில் நடந்து, மீண்டும் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இந்த மணலுக்கு இரண்டு அரசுகளும் சேர்ந்து எழுதிய கணக்குப் புத்தகம் ஒன்று வேண்டும். அரியாங்குப்பம் முகத்துவாரத்தின் தெற்கே இந்த ஆண்டு எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு வடக்கே அனுப்பப்பட்டது, கோட்டக்குப்பம் எல்லையை எவ்வளவு கடந்தது என்ற மூன்று எண்கள் அதில் ஆண்டுதோறும் கன மீட்டரில் பதியப்பட்டு, கரையோரக் குப்பங்களின் பஞ்சாயத்தார் படிக்கும்படி தமிழில் வெளியிடப்பட வேண்டும்.